எங்கள் சாமிக்கு இறால் ஆகாது

அம்மா அண்ணனுடைய இடது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து ஆபீஸ் வராந்தாவில் அண்ணன் தரையில் குந்தியிருந்தார். உதடு இரண்டும் தடித்துத் தொங்கின. கன்னம் எது, கண் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத வீக்கம். கழுத்திலும் கையிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. காலையில் இரண்டு கண்களும் மூடித்தான் இருந்தன. வெயில் ஏற ஏற, இடது கண் மட்டும் கோடு போலத் திறக்கத் தொடங்கியது.

பெற்ற பிள்ளையின் கண் திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்ட தாயை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். "தொறக்காம இருக்கணும் சாமி, இன்னும் கொஞ்ச நேரம் தொறக்காம இருக்கணும்" என்று அம்மா வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

எதிரே நாற்காலியில் ஜப்பானிய அதிகாரி. படிக்குக் கீழே லாரி. வீக்கம் வற்றிவிட்டால் அண்ணன் அந்த லாரியில் ஏற வேண்டும். லாரி போகிற இடம் சயாம்.

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி எழுதச் சொன்னால் வாராவாரம் சாப்பாட்டைப் பற்றியே எழுதுகிறீர்களே என்று பத்திரிகைக்காரத் தம்பி செல்லமாகக் கடிந்துகொண்டார். அந்தக் காலத்தில் பசித்த வயிற்றோடு இருந்தவளிடம் வேறு எதைக் கேட்டாலும் கிடைக்காது. இந்த வாரமும் சாப்பாடுதான். ஆனால் இதில் என் அண்ணனின் உயிர் இருக்கிறது.

பட்டியலில் ஒரு பெயர்

எங்கள் தோட்டம் கெடாவில், மெர்போக்கிற்கு உள்ளே, செம்மண் பாதையில் ஒரு மணி நேரம் நடக்கிற தூரத்தில் இருந்தது. அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மாவும் அண்ணனும் மேட்டு லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தார்கள். அண்ணன் பெயர் வேலு. வயது இருபத்துநாலு, கல்யாணம் ஆகவில்லை. நான் கல்யாணமாகிப் பள்ளத்து லயத்துக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு லயத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால், ஒரு பலகைப் பாலம். அவ்வளவுதான் என் புகுந்த ஊர்.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் நாளாகியிருந்தது. ரப்பர்ப் பால் மரத்தைப் பாதிக்குப் பாதி வெட்டிவிட்டு மரவள்ளி நட்டிருந்தார்கள். காலையில் மரவள்ளி, மதியம் மரவள்ளி, மாலையில் அதையே மாவாக்கி ரொட்டி. அரிசியை மறந்துவிட்டோம் என்றுகூடச் சொல்ல முடியாது. மறந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்போம்.

அப்படி ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆட்களைப் பெயர் கூப்பிடுகிற இடத்தில், தோட்டத்துக் கணக்கர் கிராணி ஒரு காகிதத்தை வாசித்தார். சயாம் ரயில் பாதை வேலைக்குப் போகவேண்டிய கல்யாணமாகாத ஆண்கள். அதில் அண்ணன் பெயரும் இருந்தது. நாளை மறுநாள் அதிகாரி வந்து பார்ப்பார், லாரியும் கூடவே வரும் என்றார்.

மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், அரிசி கொடுப்பார்கள் என்று முதல் தடவை சொன்னதை எல்லாரும் நம்பினோம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து அப்படிப் போனவர்களில் ஒருவரும் திரும்பியிருக்கவில்லை. காட்டுக்குள் ஓடி ஒளிந்தவரும் உண்டு. அவருக்குப் பதிலாக அவருடைய அப்பாவை ஆபீஸ் முன்னால் கட்டிவைத்து அடித்தார்கள். அதைப் பார்த்த பிறகு அண்ணன் ஓடுகிற எண்ணத்தையே விட்டுவிட்டார். ஓடினால் அடிபடப் போவது அம்மா.

மிச்சமிருந்த வழி நோய்தான். அதையும் ஆட்கள் செய்து பார்த்திருந்தார்கள். முந்திரிக்கொட்டை எண்ணெயைக் காலில் தடவிப் புண்ணாக்கிக்கொண்டார்கள். புகையிலைத் தண்ணீரைக் குடித்து வாந்தி எடுத்தார்கள். அதிகாரி இரண்டையும் கண்டுபிடித்துவிட்டார். வாந்தி எடுத்தவரை வாந்தியோடே லாரியில் ஏற்றினார்கள்.

அன்றைக்குச் சாயந்திரம் அண்ணன் பாலத்தைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றுகொண்டே, "பாப்பா, ஒன் ஊட்டுக்காரர கோத்தா கோலா மூடாவுக்கு அனுப்ப முடியுமா?" என்றார்.

"எதுக்குண்ணே?"

"எறால் வேணும்."

எனக்குத் தலை சுற்றியது.

சாமி போட்ட விலக்கு

அப்பா வழியில் எங்கள் குலதெய்வத்துக்கு இறால் ஆகாது. வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, சட்டியில் போடக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் அதற்கு ஒரு கதை உண்டு. கப்பலேறி வருமுன் ஊரில் இருந்தபோது பெரிய பாட்டன் ஒருவர் சாமிக்கு விரதம் இருக்கிற நாளில் ஆற்று இறாலைத் திருட்டுத்தனமாகத் தின்றாராம். சாமி அவர் முகத்தில் அறைந்ததாம். முகம் பூசணிக்காய் போல வீங்கி, மூன்று நாள் கழித்துத்தான் இறங்கியதாம்.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். சாமி அறைந்ததில் வீங்கியது என்றுதான் நம்பினேன். இறால் தின்று முகம் வீங்கிய ஒரு மனிதருக்கு அவருடைய பிள்ளைகள் சாமியைத் துணைக்குக் கூப்பிட்டு ஒரு விலக்கு போட்டிருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன். படிப்பறிவு இல்லாத வீட்டில் டாக்டர் சீட்டை யார் பத்திரப்படுத்துவது? சாமியிடம் கொடுத்துவைத்தார்கள்.

அந்தக் கதை பொய்யில்லை என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருந்தது. அண்ணன் பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு மலாய்க் கல்யாணத்தில் தெரியாமல் ஒரு வாய் இறால் சம்பல் தின்றுவிட்டார். சோற்றைப் பிசைந்த கை காய்வதற்குள் முகம் வீங்கிவிட்டது. அம்மா அவரைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடி, தேங்காய் உடைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் சரியாகிவிட்டது. தேங்காயால் சரியானது என்று அம்மா அன்றுவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் அந்த வீக்கத்தைத்தான் இப்போது மனதில் வைத்திருந்தார். பூசுவது இல்லை, குடிப்பது இல்லை. நல்ல சாப்பாட்டைச் சாப்பிட்டு வருகிற வீக்கத்தை எவன் கண்டுபிடிக்க முடியும்?

அம்மாவைச் சம்மதிக்கவைப்பது பெரும்பாடாகிவிட்டது. முதலில் மாட்டேன் என்றாள். பிறகு அழுதாள். பிறகு, "சரி, சாமிகிட்ட பூக்கேட்டுட்டுச் செய்யலாம்" என்றாள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, எது கையில் வருகிறதோ அதை வைத்து உத்தரவு கேட்பது எங்கள் வழக்கம்.

அண்ணன் சிரித்துவிட்டார். "யம்மா, சாமி சரின்னு உத்தரவு குடுத்துருச்சுன்னா, அப்பறம் வீங்காதுலா! வீங்காட்டி நான் சயாமுக்குப் போவணும்."

அம்மா யோசித்தாள். அதுவும் நியாயம்தான். உத்தரவு கேட்காமல் தப்புச் செய்தால்தான் சாமிக்குக் கோபம் வரும். கோபம் வந்தால்தான் பிள்ளை பிழைப்பான். முதலில் சாமியைக் கோபப்படுத்திவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. சாமியிடம் இப்படிக் கணக்காக நடந்துகொண்ட குடும்பம் கெடாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

சமைப்பது யார் என்ற கேள்வி வந்தது. அம்மா தன் அடுப்பில் ஏற்ற மாட்டாள். "நீ ஒன் ஊட்டுல ஆக்கு பாப்பா. நீதான் இப்ப வேற குலமாச்சே" என்றாள்.

ஆமாம், நான் வேறு குலம். என் கல்யாணத்தன்று பிறந்த வீட்டுச் சாமியிடமிருந்து என்னை விடுவித்துக்கொண்டு போய், புகுந்த வீட்டுச் சாமி முன்னால் விழுந்து கும்பிட வைத்தார்கள். அந்தச் சாமி எதையும் விலக்கவில்லை. ஆடு, கோழி, கருவாடு, எல்லாம் ஆகும். என் மாமியார் வீட்டில் பெலாச்சான் போட்டுத்தான் சம்பல் இடிப்பார்கள். பொடி இறாலை இடித்துப் புளிக்கவைத்த அந்தப் பெலாச்சானை எட்டு மாதமாக நானும் தின்றுகொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் நாக்கு லேசாக அரிக்கும். மாமியார் கை காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று இறால்

என் வீட்டுக்காரர் மறுநாள் சைக்கிளில் போனார். டயருக்குப் பதிலாக ரப்பர்த் தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் கட்டிய சைக்கிள். நாங்கள் காய்ச்சிய தேங்காயெண்ணெய் ஒரு போத்தலைக் கொடுத்து, ஆற்று முகத்தில் மக்சிக் என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு மலாய்ப் பெரியம்மாவிடம் ஒரு கூடை இறால் வாங்கிவந்தார். பெரிய பெரிய இறால். இலை போட்டு மூடியிருந்தும் பாதை முழுக்க வாசம் வந்ததாகச் சொன்னார். அதைக் கொடுத்துவிட்டு, விடியுமுன் விறகு வெட்டப் போய்விட்டார். ஜப்பான்காரன் விறகுக்கு ஆள் குறைந்தால் விட மாட்டான்.

நான் மிளகாய் அரைத்து, புளி கரைத்து, இறாலை வதக்கினேன். எண்ணெயில் விழுந்ததும் அது சுருண்டு சிவந்தது. மாதக்கணக்கில் மரவள்ளியையே வேகவைத்த சட்டியில் அந்த வாசம் எழும்பியபோது எனக்கு வாயில் நீர் ஊறிக் கன்னம் வலித்தது. உப்புக்கூடப் பார்க்கவில்லை. அது அண்ணனுடையது.

விடிந்ததும் அண்ணன் வந்து உட்கார்ந்தார். அம்மா வாசலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அண்ணன் மூன்று இறாலை, கசாயம் குடிப்பதுபோலக் கண்ணை இறுக்கிக்கொண்டு, மென்றும் மெல்லாமலும் விழுங்கினார். கை கழுவ எழுந்தவர் உதட்டைச் சொறிந்தார். பிறகு காது. பிறகு உள்ளங்கை.

"வருதா?" என்றாள் அம்மா வெளியிலிருந்து.

"வந்துருச்சும்மா" என்றார் அண்ணன், மிகச் சந்தோஷமாக.

அம்மா கைபிடித்துக் கூட்டிப் போக, அண்ணன் குருடரைப்போல ஆபீசுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

அதிகாரி அண்ணனைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினார். எங்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் ஏமாந்து ஏமாந்து கெட்டிக்காரராகியிருந்தார். குச்சியால் அண்ணனின் கன்னத்தைத் தள்ளிப் பார்த்தார். காலைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்தார். பிறகு நாற்காலியை நிழலில் போடச் சொல்லி உட்கார்ந்து, அரைகுறை மலாயில் கிராணியிடம் சொன்னார்: நிஜமான நோய் என்றால் மத்தியானமும் இருக்கும்; வேஷம் என்றால் கலைந்துவிடும்; லாரி மத்தியானம்தான் புறப்படும்.

இந்த இடத்தில்தான் முதலில் சொன்ன அந்த இடது கண் வருகிறது. அண்ணனுடைய வீக்கம் இந்தத் தடவை எவ்வளவு வேகமாக வந்ததோ அவ்வளவு வேகமாகப் போகப் பார்த்தது. சூரியன் தலைக்கு ஏறுவதற்குள் கண் கோடாகத் திறந்து, கருவிழி தெரியத் தொடங்கியது. அதிகாரி தன் கடிகாரத்தையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார்.

அம்மா என் பக்கம் சாய்ந்தாள். "பாப்பா, ஓடு. சட்டியில மிச்சம் இருக்கறத எலையில கட்டி எடுத்துக்கிட்டு வா. தண்ணி குடுக்கற மாதிரி குடுத்துருவோம்."

ஓடினேன்.

பாலத்தில்

வீட்டில் யாரும் இல்லை. சட்டியைத் திறந்தேன். முதல் நாள் மதியம் ஒரு துண்டு மரவள்ளி தின்றதுதான், அதற்குப் பிறகு பயத்தில் ஒன்றும் இறங்கவில்லை. ஆறிப்போன சம்பலில் எண்ணெய் மேலே மிதந்துகொண்டு நின்றது.

அங்கே என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். வெட்கப்பட எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். இலையைக் கட்டி எடுத்துக்கொண்டு வெயிலில் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன் என்பதை மட்டும் இப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

பலகைப் பாலத்தில் கால் வைத்தபோது உள்ளங்கால் அரித்தது. எறும்பு என்று குனிந்து பார்த்தேன், எறும்பு இல்லை. பிறகு உள்ளங்கை, தலைமுடிக்குள், காதுக்குள். வயிறு பிசைந்தது. என்னவோ நடக்கப்போகிறது, பெரிதாக நடக்கப்போகிறது என்று காரணமே இல்லாமல் ஒரு பயம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அந்தப் பயத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆபீஸ் படியை அடைந்தபோது "அம்மா" என்று கூப்பிட்டேன். வந்தது என் குரல் இல்லை. தொண்டைக்குள் யாரோ துணியை அடைத்ததுபோல ஒரு கரகரப்பு. முதல் படியிலேயே விழுந்தேன். அதிகாரியின் பூட்ஸ் எனக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

அம்மா கத்தினாள். கத்திக்கொண்டே என் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கித் தன் மடியில் சொருகிக்கொண்டாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அது தோன்றியதே என்று இன்றைக்கும் வியக்கிறேன்.

கத்தலைக் கேட்டு, பக்கத்திலேயே இருந்த தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து டிரசர் ஓடிவந்தார். சூசை என்று பெயர். டாக்டர் இல்லாத தோட்டத்தில் அவர்தான் எல்லாம். என் முகத்தைப் பார்த்தார், அண்ணன் முகத்தைப் பார்த்தார், அம்மாவின் மடியையும் ஒரு நொடி பார்த்தார். வாசம் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே ஓடி, துரை காலத்து அலமாரியில் எதற்கோ பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை உடைத்து, ஊசியில் ஏற்றி வந்து என் தொடையில் குத்தினார்.

குத்தும்போதே அதிகாரி கேட்டார், இது என்ன நோய் என்று.

டிரசர் நிமிராமலே மலாயில் சொன்னார்: "சாக்கிட் கெத்துருனான், துவான். சாத்து டாரா." பரம்பரை நோய், ஐயா, ஒரே ரத்தம்.

இந்தப் பெண் யார் என்றார் அதிகாரி.

அந்த ஆளின் தங்கை என்றார் டிரசர்.

அதிகாரி அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆண்பிள்ளை வேஷம் போடலாம். பட்டியலில் இல்லாத பெண் எதற்காக மூச்சு முட்டி விழுந்து வேஷம் போடப்போகிறாள்? கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார். காகிதத்தை வாங்கி, அண்ணன் பெயரின் மேல் குறுக்கே இரண்டு கோடு இழுத்தார். பிறகு எங்களைச் சுற்றிக்கொண்டு, எட்டி நடந்து, லாரிக்குப் போனார்.

அன்றைக்கு எங்கள் தோட்டத்திலிருந்து நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் சண்டை முடிந்து எலும்பும் தோலுமாகத் திரும்பினார். அண்ணன் பிழைத்த கதையைச் சொல்லும்போது அந்த மூன்று வீட்டையும் நினைக்காமல் எனக்குச் சொல்ல வராது.

டிரசர் சொன்ன காவல்காரன்

ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டை திறந்தது. நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி பெஞ்சில் நானும் அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். டிரசர் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தன பேருக்கு இப்புடி வரும் ஒங்க ஊட்டுல?"

"எங்க ஊட்டுக்காரரு ஊட்டுல சாமி வெலக்குங்க டிரசரய்யா. ஆனா இவ வேற குலம். கட்டிக்குடுத்தாச்சு. இவளுக்கு எப்புடி?"

டிரசர் தலையில் அடித்துக்கொண்டார். "தாலி கட்டுனா ரத்தம் மாறிருமா அம்மா? கல்யாணம் ஆனது இவளுக்கு. இவ ஒடம்புக்கு யாரு போயிச் சொன்னா?"

பிறகு கோபம் தணிந்து, எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "ரோட்டுப் பாலத்துகிட்ட ஜப்பான்காரன் சென்ட்ரி நிக்கிறான்ல? நாம குனிஞ்சு வணங்காட்டி என்னா ஏதுன்னு கேக்காம அறையுறான்ல? ஒங்க ஒடம்புக்குள்ள அந்த மாதிரி ஒரு காவக்காரன். எறால் சும்மா வழியில போவுது. இவன் எதிரின்னு நெனச்சு அடிக்கிறான். அடி விழுறது ஒங்களுக்கு."

"அது எல்லாப் புள்ளைங்களுக்கும் வருமா?"

"வரலாம், வராமலும் போவலாம். இந்த அவசரம்தான் ரத்தத்துல வருது. அது எதுமேல பாயும், எங்க பாயும்னு சொல்ல முடியாது. இவனுக்குத் தோல்ல அடிக்குது. இவளுக்குத் தொண்டையில அடிச்சிருச்சு. ஒங்க ஊட்டுக்காரருக்கு?"

அப்பாவுக்கு இழுப்பு இருந்தது. மழை ஓய்ந்து தூசி கிளம்பினால் இரவெல்லாம் உட்கார்ந்துகொண்டே இருப்பார். அதை யாரும் சாமியோடு சேர்த்ததில்லை.

"அவரு தங்கச்சி ஒருத்தி இருந்தா" என்றாள் அம்மா. "அலோர் ஸ்டார்ல கட்டிக்குடுத்தோம். ஒரு விருந்துல சாப்டுக்கிட்டு இருக்கறப்பவே மொகமெல்லாம் வீங்கிச் செத்துப்போனா. மாமியாக்காரி செய்வினை வச்சுட்டான்னு சொல்லி அந்த ஊட்டோட பேச்சுவார்த்தையே இல்லாமப் போச்சு."

"விருந்துல என்னா கறி?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எங்கள் சாமி விலக்கு கிடையாதே, அப்புறம் எதற்குக் கறியைப் பற்றிக் கேட்பார்கள்? அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வீணாகப் பழி சுமந்த அந்த மாமியாருக்காகவும் அழுதாள் என்று எனக்குத் தோன்றியது.

டிரசர் அண்ணனிடம் கண்டிப்பாகச் சொன்னார், இனிமேல் இந்த விளையாட்டு வேண்டாம், அடுத்த தடவை உனக்கும் தொண்டையில் அடிக்கலாம், குப்பி வேறு இல்லை என்று. அண்ணன் அதற்குப் பிறகு இறாலைத் தொடவில்லை. தொட வேண்டிய தேவையும் வரவில்லை. அதற்கடுத்த பட்டியல்களில் அவருடைய பெயர் வரவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் அம்மா சாமிக்கு இரண்டு தேங்காய் உடைத்தாள். என் மாமியார், எங்கள் மருமகளுக்கு எங்கள் சாமியிடம் நாங்களே செய்துகொள்ள மாட்டோமா என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "பொண்ணத்தான் சம்மந்தி குடுத்தேன். ரத்தத்த எங்க குடுத்தேன்?" என்றாள். மாமியாரும் நல்லவர்தான். அன்றிலிருந்து எனக்குத் தனியாகப் பெலாச்சான் இல்லாமல் சம்பல் இடித்து வைத்தார்.

பிள்ளைகள்

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்குக் கைக்குழந்தையிலிருந்தே முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான். நடுவில் உள்ளவன் இறாலை ஓட்டோடு தின்பான், ஒன்றும் ஆகாது. கடைசிப் பிள்ளைக்கு என் அப்பாவின் இழுப்பு. மூன்று பேரையும் ஒரே வயிற்றில்தான் சுமந்தேன். டிரசர் சொன்னதை விளக்க எனக்கு வேறு படம் தேவைப்படவில்லை.

சுங்கைப் பட்டாணியில் ஒரு டாக்டர், எத்தனையோ வருடம் கழித்து, அலர்ஜி என்று அதற்குப் பெயர் சொன்னார். குடும்பத்தில் யாருக்கு என்னென்ன வரும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். தகப்பன் வழி, தாய் வழி இரண்டையும் கேட்டார். கட்டிக்கொடுத்த பெண்களையும் விடாமல் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்திருந்தது. என்ன கறி என்று தெரியாத அந்த அலோர் ஸ்டார் விருந்தையும் சொல்லி எழுதவைத்தேன்.

சட்டியைத் திறந்த கதை

இனி வெட்கத்துக்கு வருகிறேன்.

அன்று அந்த வராந்தாவில் நான் விழுந்ததை அண்ணன் வேறு மாதிரி புரிந்துகொண்டார். தன்னைக் காப்பாற்றுவதற்காக, அதிகாரியை நம்பவைப்பதற்காக, நான் தெரிந்தே விஷத்தைத் தின்பதுபோல இறாலைத் தின்றுவிட்டு வந்தேன் என்று நினைத்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காவா பாப்பா?" என்றார். என் உதடு வீங்கியிருந்தது. பேச முடியவில்லை. தலையை எப்படி ஆட்டினேனோ தெரியாது, அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அதோடு விட்டாரா? ஊரெல்லாம் சொன்னார். கல்யாணமாகி வந்த அண்ணியிடம் சொன்னார். பிள்ளைகளிடம் சொன்னார். ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் சேலை எனக்கு, அப்புறம்தான் அண்ணிக்கு. என் மகள் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்லி, பந்தலில் இருந்தவர்களை அழவைத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

போன மாதம் மெர்போக்கில் அண்ணனைப் பார்க்கப் போனேன். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி நல்ல திடம். இந்தத் தொடரை அவருடைய மகள் வாராவாரம் வாசித்துக் காட்டுகிறாள். சயாம் லாரியைப் பற்றி எப்போது எழுதப்போகிறாய் என்று கேட்டார். எழுதினால் உண்மையை எழுத வேண்டும். அதை அச்சில் பார்ப்பதற்கு முன்னால் என் வாயால் கேட்கட்டும் என்று, அண்ணி கொல்லைப்பக்கம் போன நேரமாகப் பார்த்துச் சொன்னேன்.

"அண்ணே, அன்னைக்கு நான் ஒனக்காவ சாப்புடல."

"என்னா?"

"எறால. ஒனக்கு எடுத்துட்டு வரத்தான் போனேன். சட்டியத் தொறந்தேன். பசி தாங்கல. வேற குலந்தானே, நமக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன். ஒனக்கு வச்சிருந்ததுல பாதிய நின்னுக்கிட்டே தின்னுட்டேன். இத்தன வருசமா சேலய வேற வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபித்துக்கொள்ளட்டும், திட்டட்டும், இனிச் சேலை வேண்டாம் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லா இருந்துச்சா?" என்றார்.

"என்னாண்ணே?"

"எறாலுதான். நான் மூணு தின்னேன். சயாமுக்குப் பயந்து முழுங்குனதுல ருசியே தெரியல. நீ பசியோட ருசிச்சுத் தின்னுருக்க. எப்புடி இருந்துச்சு, சொல்லு பாப்பா."

சொன்னேன். புளி எவ்வளவு ஏறியிருந்தது, எண்ணெய் எப்படி மிளகாயோடு சேர்ந்து சிவந்திருந்தது, பல்லில் கடித்தபோது எப்படித் தித்தித்தது, கடைசியில் விரலை எப்படிச் சப்பினேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.